நான் சொன்ன மலை

1937 ஜூலை 12, திங்கள். குற்றாலம்.

சாரல் விடவில்லை. துரை மகள் மிஸ்ஸியின் காலுறை மூன்று நாளாய் ஈரம். அடுப்படியில் கொடி கட்டினேன். சமையல்காரருக்குக் கோபம்.

துரையும் துரைசானியும் குளிர்காலத்துக்குச் சீமைக்குப் போகிறார்கள். போன தடவை போலவே பனிமலையில் ஒரு மாதம், காலில் பலகை கட்டிச் சறுக்க. எந்த மலை என்பதில்தான் சண்டை. துரைக்குச் செங்குத்து வேண்டும். துரைசானிக்கு மாவு மாதிரிப் பனியும், மரங்களுக்கு ஊடே வழியும். மேசை முழுக்கப் படம். ஆயா என்னைப் பற்றிப் பேச்சே இல்லை. கூப்பிடுவார்கள். கூப்பிட வேண்டும்.

யாரிடமும் சொல்லாதது. போன தடவை கடைசி நாள் துரைசானி என் காலிலும் பலகை கட்டிவிட்டாள். சேலைக்கு மேல் துரையின் பழைய கோட்டு. சின்னச் சரிவுதான். விழுந்தேன். ஆனால் விழுவதற்கு முன் கொஞ்ச நேரம் காற்று முகத்தில் அடிக்க, நானாகப் போனேன். யாரும் ஏவவில்லை. இன்னொரு தடவை வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

14, புதன்.

தேநீர் வைக்கப் போனேன். துரைசானி முன்ஷியிடம் படித்த தமிழில், "ஞானம், நீயும் பார்த்தாய் அல்லவா? எந்த மலை நல்லது?" என்றாள்.

மலைப் பெயர் எதுவும் என் வாயில் நுழையாது. நானாக வைத்த பெயர்தான். ஓட்டல் மலை, மொட்டை மலை, காட்டு மலை. எனக்குத் தெரிந்ததெல்லாம் துணி உலர்த்தியதில் தெரிந்தது. ஓட்டல் மலையில் கூட்டம் மிதித்து மிதித்துப் பனி இறுகிப்போகும். முழங்கால் நனைந்து வருவார்கள். மொட்டை மலையிலிருந்து வந்தால் கோட்டெல்லாம் ஐஸ் கட்டி. காட்டு மலைக்குப் போன நாளில் ஒரு உதறு போதும், அரிசி மாவாய்க் கொட்டும். மரநிழலில் வெயில் படாத பனி. சரிவும் துரைக்குப் போதும்.

"காட்டு மலைதான்மா" என்றேன். துரை மேசையைத் தட்டிச் சிரித்தார்.

என்னைக் கேட்டார்கள் என்றால் கூட்டிப்போகத்தானே?

16, வெள்ளி.

தென்காசியிலிருந்து அண்ணன். தையல் கடையைப் பூட்டிவிட்டு மழையில் வந்திருக்கிறான். என்னைப் பெண் கேட்ட செங்கோட்டை ஸ்டேஷன் கிளார்க் வீட்டுக்குப் பதில் வேண்டுமாம்.

"நல்ல இடம்ட்டி. அவ்வொளே வந்து கேக்காவ. என்ன சொல்லட்டும்?"

"சீமைக்குப் போயிட்டு வந்து பாக்கலாம்ண்ணே."

"அதுவரைக்கும் ஒனக்காகக் காத்துக்கிட்டு கெடப்பாவளா? ஒண்ணு சரிங்கணும், இல்ல வேண்டாம்ங்கணும்."

வேண்டாம் என்றேன். குடிக்கத் தந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

அந்த மனிதரைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் பிளாட்பாரத்தில் நல்ல மழை. தன் குடையை எங்கள் பெட்டிகளுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தார். "பொட்டி நனையாது, நீங்க உள்ள போங்க" என்றார். கெட்டவராக இருந்தால் வேண்டாம் என்பது சுலபம்.

20, செவ்வாய்.

இன்று மழை இல்லை.

துரைசானிக்கு ஒரே சந்தோஷம். "நீ சொன்ன மலையே! கடிதம் போட்டாயிற்று." அப்புறம்தான் சொன்னாள். அங்கே ஓட்டல் இல்லை. மேலே ஒரு மரக்குடிசை மட்டும். பலகை கட்டிக்கொண்டுதான் ஏறிப்போக வேண்டும். மிஸ்ஸி வளர்ந்துவிட்டாள், ஏறிவிடுவாள். ஆயாவுக்கு அங்கே இடம் கிடையாது. "நீ இங்கே வீட்டில் ஓய்வெடு, ஞானம்."

சரிம்மா என்றேன்.

நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்த மலை. மேலே என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஓட்டல் மலை என்று சொல்லியிருக்கலாம். கேட்டபோது அவர்கள் முழங்காலைத்தான் நினைத்தேன். என்னை நினைக்கவில்லை. மடச்சி.

22, வியாழன்.

மிஸ்ஸிக்கு இருமல். வெந்நீர், மிளகு. சரி என்று சொல்ல அண்ணனுக்கு ஆள் விடலாமா? எந்த முகத்தோடு?

25, ஞாயிறு.

தென்காசி வேதக்கோயிலில் ஆராதனை. கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார் பாதிரி ஐயர். செங்கோட்டை ஸ்டேஷன் கிளார்க், பாவூர்சத்திரத்துப் பெண். தடை இருந்தால் சொல்லலாம் என்றார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்துவிட்டான். திட்டியிருந்தால் தேவலை.

26, திங்கள்.

மறுபடி சாரல். துரையின் அந்தப் பழைய கோட்டை மிஸ்ஸிக்கு வெட்டித் தைக்கவேண்டுமாம். நானே அண்ணன் கடைக்கு எடுத்துப்போனேன்.

"நல்ல கம்பளி. இதப் போட்டுக்கிட்டு நடக்க முடியுமாட்டி?"

"போட்டுப் பாக்கட்டாண்ணே, ஒரே ஒரு தடவ?"

"அளவு அந்தப் பிள்ளைக்குல்லா" என்றான். சாக்கட்டியால் கோடு போட்டான். முதலில் கை இரண்டையும் வெட்டினான்.