டாங்க் நிறைய வந்து இறங்கியவனுக்கு

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உன் அக்கா வீட்டிலும் எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும், என் கோபம் அதற்குக் குறுக்கே வராது. மற்றபடி உன்னை நினைத்தாலே எனக்கு வெறுத்துப்போகிறது. போனில் சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், கடிதத்தில் நடுவில் புகுந்து "அம்மா, ஒரு நிமிஷம், அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்ல முடியாதல்லவா.

வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, டாக்டர் நடக்கச் சொன்னால் இவர் வாசல்வரை போய் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து நடந்தாகிவிட்டது என்கிறார். அக்காவின் சின்னவளுக்கு முன்பல் விழுந்து, சிரிக்கும்போது உன் சின்ன வயசு முகம் அப்படியே வருகிறது, அதுவும் இப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. என் டிரைவிங் ஸ்கூலில் முதலாளி கியர் இல்லாத புது வண்டி ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். கிளட்ச் என்றால் எந்தக் காலில் மிதிப்பது என்று தெரியாத பிள்ளைகள் எல்லாம் ஒரே வாரத்தில் "வந்திருச்சு மிஸ்" என்று சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறார்கள். என்ன வந்துவிட்டது, சளியா? இந்த உலகத்தில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால் போதும், போவது எவனுக்கும் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் என் வயிற்றில் பிறந்தவனும் ஒருத்தன் என்பதுதான் தாங்கவில்லை.

கடைசியாக வந்தபோது அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டித் தயார் செய்து, விமானம் ஓட்டும் கேமைப் போட்டு, ஜாய்ஸ்டிக்கையும் பெடலையும் மாட்டி, "ரோட்டுல ஓட்டினது போதும்மா, இனிமே வானத்துல ஓட்டு" என்று உட்கார வைத்தவன் நீ. நான் கேட்கவில்லை. பழகிய பிறகு எனக்கே பிடித்துப்போய்விட்டது, அது வேறு. இந்த வருஷமும் லீவு கிடையாது என்று நீ இழுத்தபோது நான் அழுதேனா, சண்டை போட்டேனா? சரி, நீயும் வர வேண்டாம், நானும் வர முடியாது, உன் ஊருக்கும் நம் ஊருக்கும் நடுவே கடலில் ஒரு தீவு இருக்கிறதே, அதில் ஓடுபாதையும் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்து நானும் அங்கிருந்து நீயும் ஒரே மாதிரி விமானத்தில் கிளம்பி அங்கே போய் இறங்குவோம், வழியெல்லாம் ஹெட்செட்டில் பேசிக்கொண்டே போவோம் என்று கேட்டேன். எனக்கு வேண்டியிருந்தது உன்னுடைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழுசாக. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

எந்த விமானம் என்று முடிவு செய்வதற்குள் இந்த வீட்டில் நடந்த கூத்து உனக்குத் தெரியும். உன் மாமா ஜெட்தான் வேண்டும் என்று குதித்தான், காத்தாடி வைத்த விமானத்தில்தான் போவேன் என்று நான் சொன்னதும், "அக்கா, அது என்ன, மிக்ஸிய கட்டிக்கிட்டு கடல தாண்டப் போறியா" என்று கேட்டான். ஸ்கூட்டரையே நேராக நிறுத்தத் தெரியாதவன். உன் அப்பா படத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிற படகு விமானத்தைக் காட்டினார், "வழியில விழுந்தாலும் மிதக்கும்ல" என்று, மனைவியின் திறமைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் பழகிய குட்டி விமானத்தில் பாதி வழிக்குக்கூடப் பெட்ரோல் போதாது. நீ அந்த ஒற்றை எஞ்சின் டர்போ விமானத்தை விடாமல் பிடித்தாய், மேகத்துக்கு மேலேயே போய்விடும், குலுங்காது, பாதி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றாய். நான் மசியவில்லை. அந்தப் பழைய ரெட்டை எஞ்சின் விமானம்தான், உள்ளே கூடுதல் டாங்க் வைத்துக்கொண்டு போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஒரு எஞ்சின் நின்றாலும் இன்னொன்று இருக்கும் என்று அம்மா பயப்படுகிறாள் என நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டீர்கள். நினைத்தால் நினையுங்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்து, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், அப்பா சிரித்தார், சிரிக்கட்டும். நான் கிளம்பி இங்கே கரை மறைவதற்கு முன்பே உன்னிடமிருந்து மெசேஜ் வந்துவிட்டது, ஹெட்செட் கெட்டுப்போய்விட்டது, பேச முடியாது, எழுத்தில் மட்டும் என்று. சரி, கருவிதானே, கெட்டுப்போகும் என்று நினைத்தேன், உன்னைச் சந்தேகப்படவே தோன்றவில்லை. இப்போது அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. நேரத்தை வேகமாக ஓட விடும் பொத்தான் அந்த கேமிலேயே இருக்கிறது, எனக்கும் தெரியும். நான் அதைத் தொடவில்லை. ஒரு டாங்க்கிலிருந்து இன்னொரு டாங்க்குக்கு மாற்ற மறக்கக்கூடாது என்று அப்பா அடுப்படி அலாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பாவம், அந்த முழங்காலோடு. மடியில் தட்டை வைத்துத்தான் சாப்பிட்டேன். பாத்ரூமுக்குப் போனபோது உயரம் காட்டுகிற முள்ளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன், உள்ளே போன கொஞ்ச நேரத்தில் "அடியே, இறங்குது, இறங்குது, ஓடி வா" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். ஈரக் கையோடு ஓடி வந்தால் சிறகெல்லாம் பனி பிடித்துப்போய் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. கீழே வெப்பமான காற்றுக்கு இறக்கி, பனி உருகும்வரை கடலை ஒட்டியே ஓட்டினேன். அப்போது உனக்கு எழுதினேன், பனி பிடிக்கும் மேகம் இருக்கிறது, ஜாக்கிரதை, இறக்கி ஓட்டு என்று. நீ என்ன பதில் போட்டாய் ஞாபகம் இருக்கிறதா? "ஆமாம்மா, எனக்கும் லேசாகப் பிடித்தது, சமாளித்துவிட்டேன்." என் பிள்ளை கெட்டிக்காரன் என்று அப்பாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேனே, அந்தச் சத்தத்தை எங்கே போய்ப் புதைப்பேன்?

தீவு கண்ணில் பட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை. ஓடுபாதை ஓரத்தில் உன் விமானம் எனக்கு முன்பே வந்து நின்றது. நான் இறங்கி நிறுத்தியதும் உடனே போனில் கூப்பிட்டாய், "சூப்பர்மா, கலக்கிட்ட" என்று. நானும் உருகிப்போய், சரி வா, பெட்ரோல் போட்டுக்கொண்டு தீவைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்போம், உன் பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். டிரைவிங் ஸ்கூலில் யார் ஏறினாலும் முதலில் கேட்கிற கேள்விதான், வாய்ப்பழக்கம். நீயும் பார்த்துப் படித்தாய், "ஃபுல்லா இருக்கும்மா, வா போலாம்" என்று.

பாதிக் கடலைத் தாண்டி வந்தவனுக்கு டாங்க் நிறைய இருக்குமாடா? என்னுடையதில் அடியில் தடவிக்கொண்டிருந்தது. "ஃபுல்லாவா?" என்று நான் திருப்பிக் கேட்டதும் உனக்கே உறைத்துவிட்டது, அப்புறம் ஒரு சிரிப்பு சிரித்தாயே. "கேம்தானேம்மா, எந்த ஓடுபாதையிலிருந்து வேணா ஆரம்பிக்கலாம், நீ வர்ற நேரம் பார்த்து அங்கேயே ஆரம்பிச்சேன், எனக்கு வெளியில வேலை இருந்துச்சு" என்று. அந்தச் சிரிப்புதான் எனக்குக் குமட்டுகிறது. வேலை இருந்தால் வேலை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். எட்டு மணி நேரம், இப்போது மேகம் வருகிறது, இப்போது காற்று எதிர்த்து அடிக்கிறது, இப்போது பனி என்று, கிளம்பாத விமானத்திலிருந்து பெற்ற தாய்க்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாய். காதில் பூ சுற்றுவதற்கும் ஒரு அளவு உண்டு. அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவர் இன்னும் பேங்க்கில், மருந்துக்கடையில் எல்லாம், என் பையன் அந்தப் பக்கத்திலிருந்து பறந்து வந்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பழைய விமானத்தை நான் ஏன் பிடித்தேன் என்று இப்போது சொல்கிறேன். பயத்தில் இல்லை. எல்லா விமானத்தின் வேகத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கடல் தாண்டும் அளவுக்குப் பெட்ரோல் கொள்கிறவற்றில் அதுதான் ரொம்ப மெதுவானது. உன் டர்போவில் வந்தால் நாலு மணி நேரம்தான் உன்னோடு பேசக் கிடைக்கும், இதில் வந்தால் எட்டு. அதற்குத்தான். நீ என்ன சமைக்கிறாய், யாரோடு இருக்கிறாய், ராத்திரி தூங்குகிறாயா என்று கேட்க ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன், அதன்மேல்தான் கடைசியில் காபி டம்ளரை வைத்தேன்.

வேளைக்குச் சாப்பிடு. முதுகுவலி என்றாயே, அந்த நாற்காலியை மாற்று. அப்பாவுக்கு ஒரு போன் போடு, விமானத்தைப் பற்றி அவர் கேட்டால் நீயே சொல்லிக்கொள், எனக்காகப் பொய் சொல்லாதே, உனக்காக நானும் சொல்ல மாட்டேன். எவ்வளவு வெறுப்பு வந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கே போனாலும் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும், அந்த ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு.

என் விமானம் இன்னும் அந்தத் தீவில்தான் நிற்கிறது, எடுக்கவில்லை. பழக்கதோஷம், பக்கத்தில் இன்னொன்று நிறுத்த இடம் விட்டுத்தான் நிறுத்தியிருக்கிறேன். வருவதாக இருந்தால் உன் ஊர் ஓடுபாதையிலிருந்து கிளம்பு. வந்து இறங்கியதும் முள்ளைத்தான் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா