மீன் கையால் கோத்த ஊசி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உடம்புக்கு நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். மனசு எப்படி என்று மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் போனை விட்டுவிட்டுப் பேப்பரை எடுத்திருக்கிறேன். நீ நாலு வருஷத்துக்கு முன்னால் எங்களை நம்பி விட்டுப் போன பூனை மேனேஜருக்கு நான் ஒரு காரியம் செய்துவைத்துவிட்டேன். பயந்துவிடாதே, இந்த வரி எழுதும்வரை அவன் உயிரோடு இருக்கிறான், கால்நடை டாக்டரம்மாவிடம் இருக்கிறான். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

பண்டிகைக்கு இன்னும் பத்து நாள்தான், அம்மாவுக்குத் தலைக்கு மேல் வேலை. இந்த வருஷம் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் பதினோரு கவுன், எல்லாவற்றுக்கும் கீழே ஜரிகை வைத்துக் கையாலேயே மடித்துத் தைக்க வேண்டும். கூடம் முழுக்கத் துணி, நமக்கு உட்கார இடமில்லை, மேனேஜருக்கு மட்டும் மிஷின் பக்கத்தில் தனி இடம், அங்கிருந்து மேற்பார்வை. அம்மாவின் சட்டம் உனக்குத் தெரிந்ததுதான். பூனை வளரும் வீட்டில் ஊசி கீழே கிடக்கக் கூடாது என்று சாயங்காலம் ஆனதும் பஞ்சு உருண்டையில் குத்தியிருக்கும் ஊசிகளை எண்ணுவாள், பன்னிரண்டும் இருந்தால்தான் அடுப்புப் பக்கம் போவாள். நான் அந்த உருண்டையைத் தொடவே கூடாது என்பது தனிச் சட்டம், போன வருஷம் அவளுடைய துணி வெட்டும் கத்தரிக்கோலால் நான் பூசணிக் கொடியை நறுக்கியதிலிருந்து அமலில் இருக்கிறது.

திங்கட்கிழமை தோட்டத்துக் குழாயடியில் மேனேஜருக்கு மீன் கழுவிக்கொண்டே பார்த்தால், தக்காளிப் பாத்தி மேல் போட்டிருந்த வலையை அணில், கை நுழைகிற அளவுக்குக் கிழித்துவைத்திருந்தது. பழம் சிவக்கிற நேரம், எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அம்மா பட்டன் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து அப்படியே உள்ளே போய் உருண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, நூலை அந்த மீன் ஈரத்திலேயே முறுக்கிக் கோத்துக்கொண்டு வந்தேன். பாதி தைப்பதற்குள் மேலே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது, ஊசியை வலையிலேயே குத்திவிட்டு மோட்டாரை நிறுத்த ஓடினேன், அதோடு மறந்தும் போனேன். மீன் வாசனை அடிக்கிற நூலைப் பூனைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கவிட்ட புத்திசாலி உலகத்திலேயே உன் அப்பன் ஒருவன்தான்.

சாயங்காலம் அம்மா எண்ணினாள், பதினொன்று. மறுபடி எண்ணினாள், பதினொன்றுதான். நீங்க எதாவது எடுத்தீங்களா என்று கேட்டாள், எனக்கு அந்த நொடியே ஞாபகம் வந்துவிட்டது, ஆனால் வாய் முந்திக்கொண்டு நான் எங்கே தொட்டேன் என்று சொல்லிவிட்டது. சரி, சத்தம் போடாமல் போய் எடுத்துவந்து குத்திவிடலாம் என்று தோட்டத்துக்கு ஓடினேன். வலையில் ஊசி இல்லை, விரல் நீளத்துக்கு நூல் மட்டும் மென்றது போலப் பிசிறடித்துத் தொங்கியது. மண்ணில்தான் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மண்டியிட்டு மண்ணைத் துழாவினேன், நாலு நல்ல செடியைப் பிடுங்கிப் போட்டேன், கிடைக்கவில்லை. திரும்பி வந்தால் அம்மா, தைத்து முடித்த ஏழு கவுனையும் மடியில் போட்டு ஒவ்வொன்றாகத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மடிப்புக்குள்ள சிக்கியிருந்து எந்தப் பிள்ளை காலிலாவது குத்திட்டா என்னங்க பண்றது என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்த நூலைச் சுருட்டிக் கொடுத்தேனே தவிர உண்மையைச் சொல்லவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன், ஒரு சின்ன வார்த்தையைச் சொல்லத் துப்பில்லாமல் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் மேனேஜர் தட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எச்சில் ஒழுகியது. கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தவன் கூப்பிட்டால்கூட வரவில்லை. அன்றைக்குத்தான் நீ போன் செய்தாய், எடுத்த எடுப்பில் மேனேஜர் எப்படிப்பா இருக்கான் என்று கேட்டாய், நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான் என்றேன். பொய் சொன்னேன் கண்ணம்மா. புதன்கிழமை அம்மாதான் அவனைக் கூடையில் போட்டுத் துணியால் மூடினாள், இரண்டு பேருமாக டாக்டரம்மாவிடம் போனோம். டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், என்ன தின்றான் என்று கேட்டார். புதுசா ஒண்ணும் இல்லைங்க, வெயிலுக்கு இப்படி இருக்கான்னு நினைக்கிறேன் என்று அம்மா சொன்னாள். அப்படின்னா மருந்து எழுதித் தர்றேன், ரெண்டு நாள் பாருங்க என்று அவர் பேனாவை எடுத்துவிட்டார். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். அப்போதுதான் சொன்னேன், இவன் ஊசியை முழுங்கியிருக்கான், நூலோட, திங்கட்கிழமையே, எனக்குத் தெரியும் என்று.

எக்ஸ்ரேயில் ஊசி பளிச்சென்று தெரிந்தது. நூல் குடலுக்குள் போய் அதை இழுத்துச் சுருக்கத் தொடங்கியிருந்ததாம், மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. மத்தியானமே வயிற்றைத் திறந்து எடுத்துவிட்டார்கள். வெளியே பெஞ்சில் அம்மா என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். ஏழு கவுனையும் பிரிச்சேனே, பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க என்றாள். கத்தியிருந்தால் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து, மகளுக்கு நீங்களே எழுதுங்க, உங்க கையால எழுதுங்க என்றாள், அதற்குப் பிறகு பேச்சு இல்லை. சாப்பாடு மேஜைக்கு வருகிறது, அவள் வருவதில்லை. இன்றைக்கு, வியாழக்கிழமை, சாயங்காலத்துக்குள் மேனேஜர் தானாகத் தண்ணீர் குடித்து, அது வயிற்றில் தங்கினால் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இப்போது மணி நாலு. பிரித்த கவுன்களை அம்மா மறுபடி தைக்கிறாள், நான் எழுதுகிறேன், இரண்டு பேருடைய கண்ணும் போன் மேல் இருக்கிறது. ஏன் மறைத்தாய் என்று நீ கேட்பாய். அம்மாவுக்குப் பயந்தது பாதிதான். நீ ஒவ்வொரு தடவையும் போனில் முதலில் கேட்பது அவனைத்தான். அவன் போய்விட்டால் உனக்கும் எனக்கும் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அதுதான் பயம்.

இந்த இடத்தில் போன் அடித்தது. அம்மாதான் எடுத்தாள், சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டாள். வைத்துவிட்டு, குடிச்சானாம், வாந்தி எடுக்கலையாம், நாளைக்குக் காலையில வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்கு எழுத்து மங்கலாகத் தெரிகிறது, அதனால் சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன்.

எங்கள் இருவருடைய ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு, நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. அடுத்த தடவை போன் செய்யும்போது, மேனேஜரைக் கேட்டுவிட்டு, அப்படியே என்னையும் எப்படியப்பா இருக்கே என்று கேள். நன்றாக இருக்கிறேன் என்று சொல்வேன். உடனே வைத்துவிடாதே, இன்னொரு தடவை கேள்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா