செப்புக் கோலில் ஒரு பொட்டு

பேராதனை
08.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் கேட்டபடி, அம்மாவின் குழாய் வேலையைப் பற்றி நான் காண்பதை எல்லாம் உண்மையாகவே எழுதுவேன். நல்லதைக் கூட்டவும் மாட்டேன், கெட்டதை மறைக்கவும் மாட்டேன். நீங்கள் இருவரும் தொலைபேசியில் பேசினால் சண்டையில் முடிகிறது. கடிதத்தில் என்னோடு யாரும் சண்டை பிடிக்க முடியாது.

உங்கள் நிபந்தனையை அம்மா என்னிடம் சொன்னார். வருட முடிவுக்குள் சுவரில் துளையில்லாத குழாய் ஒன்று வராவிட்டால், பல்கலைக்கழக வேலையை விட்டு, நாங்கள் கனடாவுக்கு வரவேண்டும். "ஓம் எண்டு சொல்லிப்போட்டன்" என்றவர், கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவினார்.

தகட்டைச் சுருட்டி ஒட்டித்தான் குழாய் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். அந்த ஒட்டுத்தான் பெருஞ்சூட்டில் முதலில் பிளக்குமாம். அம்மா தகடே எடுப்பதில்லை. வாயுவிலிருந்து குழாய் செய்கிறார்! ஒரு செப்புக் கோலை உலைக்குள் வைத்துச் சூடாக்கி, தங்ஸ்தன் கலந்த வாயுவையும் ஐதரசனையும் உள்ளே விடுகிறார். பழைய மின்குமிழ்களின் இழையில் இருக்கிறதே, அந்த உலோகம்தான். ஹுன்னஸ்கிரிய மலைப் பக்கம் போகும்போது பஸ் கண்ணாடியில் பனி படியுமே, அப்படி அது கோலைச் சுற்றிப் படிகிறது. ஆனால் வழிந்து போவதில்லை. தடிப்பாக வந்ததும் நைத்திரிக் அமிலத்தில் போடுவார்கள். உள்ளே இருக்கும் செம்பு கரைந்துவிடும், குழாய் மட்டும் மிஞ்சும். கோல் இருந்த இடம்தான் குழாயின் உட்புறம்.

வாயு மிகவும் நச்சு. ஆகவே நான் பக்கத்து அறையில், கண்ணாடிக்குப் பின்னால் நின்றுதான் பார்க்கிறேன், பயப்படாதீர்கள். அக்குறணையிலிருந்து வரும் ஆய்வு மாணவி சகீனா அக்கா ஒருநாள் கையுறை இல்லாமல் கோலைத் தொட்டுவிட்டார். அம்மா போட்ட சத்தம்! "விரலில எண்ணெய் இருக்கு! எண்ணெய் பட்ட இடத்தில உலோகம் பிடிக்காது. கறிக்கையும் ஒண்டுதான், கழுவின கையும் ஒண்டுதான்!"

அப்பா, அம்மாவை நான் வீட்டில் இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

உங்கள் மகள்,
தனுஷியா

*

எட்மன்டன்
22.09.2024

என் அன்பு மகள் தனுஷியாவுக்கு,

உன் கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோயும் வாசித்தேன். வாயுவிலிருந்து குழாயாம்! நான் இங்கே நாள் முழுக்கக் குழாய்களின் ஒட்டுகளைப் பரிசோதிக்கிறவன். ஒட்டே இல்லாவிட்டால் எனக்கு என்ன வேலை என்று அம்மாவிடம் கேள்.

அம்மா தோற்கவேண்டும் என்று நான் நினைப்பதாக எண்ணாதே பிள்ளை. சாப்பாட்டு மேசைக்கு மூன்று கதிரைகள் வாங்கினேன். இரண்டு இன்னும் பொலித்தீன் உறையோடு இருக்கின்றன. அவ்வளவுதான் என் கதை.

வாணி விழாவுக்கு அந்தக் கோலையும் சரஸ்வதி பூசையில் வைத்து, என் பெயரால் ஒரு சந்தனப் பொட்டு வை. என் முதல் ஸ்கூட்டருக்கு அம்மாதான் பொட்டு வைத்தவர். அது ஒருநாளும் வழியில் நின்றதில்லை.

அன்புடன்,
அப்பா

*

பேராதனை
27.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உண்மையாக எழுதுவேன் என்றேன். ஆகவே இதையும் எழுதுகிறேன். குழாயில் துளை.

பூசைக்கு என் புத்தகங்களுக்குப் பக்கத்தில் கோலை வைத்தோம். உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வை. துடைச்சால் போகும்" என்றார். வைத்தேன். செம்பின் மேல் சந்தனம் மிக அழகாக இருந்தது.

ஆய்வுகூடத்தில் அம்மா ஸ்பிரிட்டால் பொட்டைத் துடைத்தார். வழக்கமாகக் கோலை நீர்த்த அமிலத்தில் ஒரு கணம் தோய்த்துக் கழுவிய பின்பே உலையில் வைப்பார்கள். "மிஸ், இத அமிலத்துல ஒருக்காப் போடலியா?" என்று சகீனா அக்கா கேட்டார். "வேண்டாம். துடைச்சாச்சு" என்றார் அம்மா. சகீனா அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

செம்பு கரைந்தபோது அமிலம் மயில் கழுத்து நிறமானது. குழாய் சாம்பல் நிறத்தில், எழுதும் பேனை அளவில், அவ்வளவு ஒழுங்காக இருந்தது. பிறகு சோதனை. குழாய்க்குள் ஒரு சின்ன மின்குமிழை விட்டு, இரண்டு முனைகளையும் அடைத்து, அறையை இருட்டாக்குவார்கள். வெளிச்சம் கசிந்தால் துளை. ஒரேயொரு புள்ளி மின்னியது.

"நட்சத்திரம் மாதிரி இருக்கு மிஸ்."

"ஓம். குழாய்க்கு நட்சத்திரம் தேவையில்லை" என்றார் அம்மா.

பொட்டு இருந்த அதே இடம். வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னார்: "சந்தனத்திலயும் எண்ணெய் இருக்கு. எனக்குத் தெரியும். சகீனா இப்பிடிச் செய்திருந்தால் நான் என்ன பேச்சுப் பேசியிருப்பன்!"

"அப்ப ஏனம்மா கழுவேல்லை?"

அம்மா பஸ் டிக்கெட்டை நான்காக மடித்தார். பிறகு, "அவர் வைக்கச் சொன்ன பொட்டு. அமிலத்துக்குள்ள போட மனம் வரேல்லை" என்றார்.

இன்னும் ஒரு குழாய்க்குத்தான் வாயு இருக்கிறது. அம்மா நேற்றுத் தன் புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கத் தொடங்கினார். நான் உதவி செய்யவில்லை. அதற்காக என்னை மன்னிக்கவும்.

தனுஷியா

*

எட்மன்டன்
12.11.2024

அன்பு மகளுக்கு,

ஒட்டுகளில் எத்தனையோ துளைகள் பார்த்து, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்படி ஒரு காரணத்தை நான் எங்கும் எழுதியதில்லை.

புத்தகங்களைத் திரும்ப அலுமாரியில் அடுக்கச் சொல். நிபந்தனையை நான் எடுத்துவிட்டேன். இதை இந்த வருடத்துக்கு மட்டும் சொல்லவில்லை. அடுத்த கோலில் என் பெயரால் ஒன்றும் வைக்காதே. அமிலத்தில் நன்றாகப் போட்டுக் கழுவச் சொல். அதில் எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. துளை விழுந்த குழாயை யாரும் எறிந்துவிடாமல் எடுத்து வை. அது என்னுடையது.

இன்னொன்றும் கேள். தொலைபேசியில் கேட்கப் பயமாக இருக்கிறது. நான் அங்கே வந்து இருந்துவிடட்டுமா? பேராதனையில் ஒட்டுப் பார்க்கிறவனுக்கு வேலை கிடைக்குமோ தெரியாது. உறை கழற்றாத கதிரைகளை விற்பது சுலபம்.

அப்பா

*

பேராதனை, ஆய்வுகூடம்
08.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை ஆய்வுகூட மேசையில் இருந்தே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். கையுறையோடு வாங்கி வாசித்தார். மூக்கு மட்டும் சிவந்தது. "கோலைக் கழுவலாமாம்" என்று சகீனா அக்காவிடம் சொன்னார். "அங்கிள் பெர்மிஷன் தந்துட்டாரா மிஸ்?" என்று அவர் கேட்க, இருவரும் சிரித்தார்கள். கோலைத் தோய்த்தார்கள், கழுவினார்கள், திரும்பவும் தோய்த்தார்கள்.

இன்று சோதனை. அம்மா சுவிட்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இப்பவே சொல்லுறன், பிறகு சொன்னால் வேற மாதிரி இருக்கும். துளை இருந்தாலும் வரட்டும், இல்லாட்டிலும் வரட்டும் எண்டு அப்பாவுக்கு எழுது."

பிறகுதான் இருட்டாக்கினார்.

அப்பா, ஒன்றுமே தெரியவில்லை. குழாய் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. சகீனா அக்கா "அல்லாஹ்!" என்றார். அம்மா என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

துளை விழுந்த குழாய் உங்கள் அலுமாரித் தட்டில் இருக்கிறது. பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
தனுஷியா

பி.கு.: அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லையாம், குழாயைத் திருப்பி வைத்து இன்னொரு தரம் பார்க்கவேண்டுமாம். "எழுதினது போதும், பிள்ளை" என்கிறார். சகீனா அக்கா விளக்குகளை அணைத்துவிட்டார்.