நகல் சில்லும் கறுப்புப் படுதாவும்

12.7.1988
மாமா கடை வாசலில் புதுப் பலகை: ‘அசல் 286. நகல் அல்ல.’ எதிர்க்கடை எங்களுடையது. அது யாருக்காக எழுதியது என்று போடி ஊருக்கே தெரியும். அப்பா வாசித்துவிட்டு, தெருவைப் பார்த்துக் காறித் துப்பினார்.

போன பொங்கல்வரை இரண்டும் ஒரே ரேடியோ கடை. அப்பா சோலைமலை, அம்மாவின் தம்பி ராஜாராம் மாமா, இரண்டு பெயரும் ஒரே பலகையில் இருந்தன. ஏலக்காய் வியாபாரிகள் சங்கம் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறது என்ற பேச்சு வந்தது. எந்தப் பெட்டியைக் கொடுப்பது என்பதில் ஆரம்பித்த சண்டை இன்றுவரை ஓயவில்லை.

15.7.1988
இரண்டு கம்ப்யூட்டருக்கும் மூளை 286 என்ற சில்லுதான். நூலகத்தில் அந்தச் சில்லுகளைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் ஒரு கம்பெனி வரைந்த சில்லை, அவர்கள் அனுமதியோடு இன்னொரு கம்பெனியும் செய்தது. கூட்டாளிகள். பிறகு இரண்டாமவர்கள் அதையே இன்னும் வேகமாக ஓடவிட்டு விற்க, இப்போது இருவருக்கும் வழக்கு.
அங்கேயும் மாமன் மச்சான்தானா?

மாமா பெட்டியில் இருப்பது முதல் கம்பெனிச் சில்லு, வேகம் பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ். எங்களுடையது இரண்டாவது, பதினாறு.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார்: “சங்கத்துல நம்ம பெட்டி ஏறுச்சுன்னா சாயங்காலச் சோலி ஒனக்குத்தான் பேச்சி. நாற்காலி போட்டு ஒக்கார வைக்கிறேன்.”

அந்த நாற்காலி! புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கு நடுவில் அதுதான் தெரிகிறது.

2.8.1988
மழை பிடித்துக்கொண்டது. பெட்டிக்கு ஈரம் ஆகாது என்று அப்பா ஏலக்காய் மூட்டைக்குப் போடும் கறுப்புப் பிளாஸ்டிக் படுதாவை எடுத்து, திரையும் விசைப்பலகையும் மட்டும் வெளியே தெரிய, மூலை மூலையாகச் செருகி, சணலால் கட்டிவிட்டார். வேகமான சில்லு அதிகம் சூடாகும், பின்னால் விசிறி வைத்திருப்பதே அதற்குத்தான் என்றேன்.

“காத்துப் பட்டா காயி வெளுத்துப் போகுதுல்ல? அதவிட வெல கூடுன சாமான் இது. நீ படிச்சதெல்லாம் அமெரிக்காவுக்கு. இது போடி.”

14.8.1988
எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

சங்கக் கூடத்தில் இரண்டு பெட்டியையும் அருகருகே வைத்தார்கள். போன பருவத்து ஏலக் கணக்கு முழுவதையும் எது முதலில் போட்டு முடிக்கிறதோ அதுதான் சங்கத்துக்கு. மாமா தன் பெட்டியைத் திறந்தபடியே வைத்திருந்தார், கம்பெனிப் பெயரை எல்லோரும் பார்க்கட்டும் என்று. எங்களுடையது படுதாவுக்குள். வெளியே சாரல்.

பாதிக் கணக்குவரை நாங்கள்தான் முன்னால். தலைவர் வேலுச்சாமி ஐயாவே, “சோலைமல, ஓம் பெட்டி ஜீப்புல போகுது, அவரு பெட்டி நடந்து வருது” என்றார். அப்பா மீசையைத் தடவினார்.

பிறகு திரை அப்படியே நின்றது. அப்பா அணைத்துப் போட்டார். கொஞ்சம் ஓடி மறுபடி நின்றது. பக்கத்தில் மாமா பெட்டி ஆடி அசைந்து முடித்தே விட்டது.

“என்ன மச்சான், நகலுக்கு மூச்சு வாங்குதோ?” என்றார் மாமா.

கூடமே சிரித்தது. “வாய அடக்கு மாப்ளே” என்று அப்பா கையை ஓங்கினார். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

15.8.1988
கொடியேற்றம். மாமா மகள் பொன்னுமணி, மிட்டாயை என் முகத்துக்கு நேரே நீட்டி, “பாத்துச் சொல்லுடி, இது அசலா நகலா?” வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

17.8.1988
அம்மா காய் காயவைக்கும் வேலையாக மேட்டுக்கு, மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். அப்பா கடையில் இல்லாதபோது படுதாவைக் கழற்றிவிட்டு அதே கணக்கை ஓட்டினேன். ஒருமுறை கூட நிற்கவில்லை. மறுபடி படுதாவைப் போர்த்தினேன். பாதியில் நின்றது. பின்பக்கம் தொட்டால் கை சுட்டது.

சில்லு தோற்கவில்லை. நாம்தான் அதை மூச்சு முட்ட வைத்தோம்.

அப்பா வந்ததும் சொன்னேன். முழுதும் கேட்கவே இல்லை. “நகலு நகலுதான். ராஜாராம் சொன்னது சரியாப் போச்சு. இனி அதப் பத்தி வாயத் தொறந்த, பள்ளிக்கூடமே கெடையாது.”

மாமா சொன்னதை அப்பா வாயால் கேட்க வேண்டியிருந்தது.

24.8.1988
பெட்டி, வாங்கிய மதுரைக் கடைக்கே திரும்பிப் போயிற்று. பஸ்சில், உச்சியில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே.

3.9.1988
பள்ளி விட்டு வரும்போது சங்கத்து ஜன்னல் திறந்திருந்தது. நாற்காலியில் பொன்னுமணி. ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினாள்.

11.9.1988
விடாத மழை. சங்கக் கூரை ஒழுகுகிறதாம். மேட்டிலிருந்து இறங்கி வந்திருந்த அம்மா காதுக்கும் அது எட்டிவிட்டது. மதியம் பரணிலிருந்து அந்தக் கறுப்புப் படுதாவை இறக்கித் தூசி தட்டி என் கையில் கொடுத்தாள்.

“எந்தம்பி பெட்டி நனைஞ்சிரும். அப்பாவுக்குத் தெரியாம வெரசாக் கொண்டுபோயிக் குடுத்துட்டு வா ஆத்தா. இத வச்சாவது ரெண்டு குடும்பமும் பேசிக்கிறட்டும்.”

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா வாயைத் திறக்காதே என்றதிலிருந்து நான் யாரிடமும் சொல்லவில்லை.

குடைக்குள் படுதாவை மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை – சொல்லலாமா? ஒரு வரிதான்.

சங்கத்தில் மாமாவும் இருந்தார். படுதாவை இரண்டு கையாலும் வாங்கினார். “அக்கா குடுத்துவிட்டுச்சா? ஒங்கப்பன் கெடக்கான். எங்கக்கா எங்கக்காதான்.” கண் கலங்கிவிட்டது. பொன்னுமணி நாற்காலியிலிருந்து எழுந்து ஒதுங்கி நின்றாள். மாமாவே போர்த்தி, மூலை மூலையாகச் செருகி, சணலால் கட்டினார். அப்பா கட்டிய அதே மாதிரி.

பின்பக்கம், விசிறி இருக்கும் இடத்தில், படுதா ஒரு சாண் விலகியிருந்தது.

“அங்கயும் இழுத்துச் செருகுங்க மாமா, சாரல் அடிக்கும்” என்றேன்.

“கெட்டிக்காரி” என்று மாமா இழுத்துச் செருகினார்.