சதகுப்பைத் தழைக்குக் கீழே

ஏரிக்கரை, மே 29, 1966

அன்புள்ள தூரே,

நான் நலம். உள்ளே இருப்பதும் நலம். நேற்று முதல் தடவையாக உதைத்தது. கையிலிருந்த வாணலியை அப்படியே வைத்துவிட்டு நின்றேன். சொல்ல நீ இல்லை. இந்த மாதமும் லீவு கிடைக்கவில்லை என்கிறாய். அந்தக் காகித ஆலைக்கு மட்டும்தான் நீ வேண்டுமா?

படகுத்துறையில் என் சாப்பாட்டுக் கடை நன்றாக ஓடுகிறது. மருத்துவச்சி தினமும் மீன் சாப்பிடச் சொல்லியிருக்கிறாள். எனக்கென்ன குறை, ஏரியே வாசலில். வரிமீனைக் கோதுமை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து, நுரை அடங்கியதும் சதகுப்பைத் தழை தூவி, மத்தியானம் இரண்டு துண்டு.

ஏரி மீனையே தின்னும் அந்தப் பைன் மரத்து விராலடிப்பான் பருந்து இந்த வருடமும் அடைகாத்தது. முட்டை பொரிக்கவே இல்லை. ஏனோ மனம் சரியில்லை.

உன் குன்வோர்

*

ஆலைக் குடியிருப்பு, ஜூன் 4

என் குன்வோர்,

உதைத்ததா! ஒரே அறையில் எட்டுப் பேர். எல்லோரிடமும் சொன்னேன்.

ஒரு விஷயம். குழந்தை பிறக்கும்வரை ஏரி மீன் வேண்டாம். உப்புப் போட்ட கடல் மீன் வாங்கிக்கொள். ஏன் என்று கேட்காதே. எனக்காகச் செய்.

தூரே

*

ஏரிக்கரை, ஜூன் 7

தூரே,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். வெண்ணெய் கருகிவிட்டது. என் கையில் வெண்ணெய் கருகியது இதுதான் முதல் தடவை.

ஏன் என்று கேட்பேன். உன் ஆலை எங்களுக்கு மேலே, ஆற்றங்கரையில் இருக்கிறது. அந்த ஆறு இந்த ஏரியில்தான் விழுகிறது. நான் மட்டும் தின்னக்கூடாது, ஊருக்குப் பொரித்துப் போடலாமா? பாத்திரம் கழுவும் சிக்னே தன் பிள்ளைகளுக்கு மிச்ச மீனை எடுத்துப்போகிறாள். அவளிடம் என்ன சொல்லட்டும்? இத்தனை நாள் நான் தின்றதற்கு என்ன செய்யட்டும்?

குன்வோர்

*

ஆலைக் குடியிருப்பு, ஜூன் 13

குன்வோர்,

இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

காகிதக் கூழில் பாசி பிடிக்காமலிருக்க ஒரு மருந்து கலக்கிறோம். பாதரசம் சேர்ந்தது. இப்போது அந்த வேலை எனக்கு. கழிவுநீர் நேராக ஆற்றுக்குப் போகிறது. போன மாதம் தலைநகரத்திலிருந்து இரண்டு பேர் வந்து சோதனைக்கென்று பெட்டி நிறைய மீன் பிடித்துப் போனார்கள். ஃபோர்மேன், "பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடாதீங்கடா, நீங்க இருக்கற வீடு யாரோடதுன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றான். நம் வீடும் ஆலையுடையதுதானே.

ஒருவேளை ஒன்றும் இல்லாமலிருக்கலாம். நடுக்கோடைத் திருநாளுக்கு உன் கடையில் முதல் தட்டு வரிமீன் எப்போதும் ஆலை மேலாளருக்குத்தானே? கெடுதல் என்று தெரிந்தால் அவர் வாயில் வைப்பாரா? அவர் சாப்பிடுகிறாரா பார். சாப்பிட்டால் நாம் பயப்பட வேண்டாம்.

தூரே

*

ஏரிக்கரை, ஜூன் 25

தூரே,

நேற்று திருநாளுக்கு மேலாளர் வந்தார். மற்ற மேசைகளுக்கெல்லாம் வலையில் ஒரே ஒரு மீன்தான் சிக்கியது என்று சொல்லி உப்பு மீன் போட்டேன். அவருக்கு மட்டும் வழக்கம்போல முதல் தட்டு: வரிமீன், புது உருளைக்கிழங்கு, தனிக் கிண்ணத்தில் உருக்கிய வெண்ணெய், கைநிறைய சதகுப்பை. நீ சொன்ன சோதனைதான். ஒருவனுக்குத் தெரிந்தே விஷம் வைக்கிறேனோ என்றிருந்தது.

"அடேயப்பா, இந்த வாசனைக்குத்தான் வருஷம் பூரா காத்துக் கெடக்கேன்! உன் கைக்கு ஈடே இல்லம்மா குன்வோர்" என்றார். எல்லோரும் கேட்கும்படி.

அவர் போன பிறகு சிக்னே தட்டை எடுத்து வந்தாள். "இங்க பாருடி கூத்த. கெழங்க வெண்ணெயில முக்கி முக்கித் தின்னுருக்காரு. மீனு எங்கங்கற? சின்னப் புள்ளைங்க ஒளிச்சு வைக்குமே, அப்படி தழைக்குக் கீழ வச்சு மூடியிருக்காரு. துரைக்கு முள்ளுன்னா பயமோ?"

தழையை விலக்கினேன். தோல்கூடக் கிழியவில்லை.

சிக்னே சிரித்துக்கொண்டே அந்த மீனைத் தன் பிள்ளைகளுக்கென்று காகிதத்தில் சுற்றினாள். பிடுங்கி அடுப்பில் எறிந்தேன். "ஒனக்கென்னடி பைத்தியமா?" என்றாள். சொல்லிவிட்டேன், தூரே. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

கடையை மூடிவிட்டேன். அடுத்த ஞாயிறு, வழிபாடு முடிந்ததும் மக்கள் மன்றக் கூடத்தில் ஊரைக் கூட்டுகிறேன். நான் சொன்னால் சமையல்காரி வாயும் வயிறுமாக இருக்கிறாள், மிரண்டுபோயிருக்கிறாள் என்று சிரிப்பார்கள். மருந்தை ஊற்றும் கை சொல்ல வேண்டும். நீ எழுதியதை நீ சொன்னபடியே எரித்துவிட்டேன், இனி உன் வாய்தான் இருக்கிறது.

வீடு போகும் என்பாய். போகட்டும். சிக்னே வீட்டு மச்சு காலியாக இருக்கிறது, கேட்டுவிட்டேன்.

முந்தாநாளிலிருந்து குழந்தை உதைக்கவில்லை. இந்த மாதத்தில் அப்படித்தான், சில நாள் தூங்கும் என்கிறாள் மருத்துவச்சி. நான் தின்ற மீனில் என்ன இருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை, வாய் வரவில்லை. உன்னிடம் இருக்கும் அதே பயம்தான் எனக்கும், பார்.

சனிக்கிழமை கடைசிப் பேருந்துக்கு நிறுத்தத்தில் நிற்பேன். நீ இறங்காவிட்டால் இனி எழுதாதே.

குன்வோர்