சுதன் எடுத்த ஒரு ஓட்டம்

ஆவணி, வெள்ளிக்கிழமை

மகன் சுதன் பேஸ்போல் விளையாட்டை விட்டுவிட்டு நேற்று தர்மபுரம் வந்து சேர்ந்தான். இரண்டு வருடத்தில் மூன்று அணி மாறினான். இனி எந்த அணியும் கூப்பிடாது.

இன்று பின்னேரம் வந்த என் அண்ணை கதிரையில் சாய்ந்து இருந்தபடியே கேட்டார்.

"எல்லாமா எத்தினை ஓட்டம் எடுத்தனி, மருமோன்?"

"ஒண்டு, மாமா."

அண்ணை சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவன்ர வேலை ரெண்டாம் பேஸிலை நிண்டு பந்தை மறிக்கிறது, அண்ணை. நாலு மூலையிலை இருக்கிற நாலு பேஸும் சுத்தி வந்தாத்தான் அங்கை ஒரு ஓட்டம்."

அந்த ஓட்டத்தைக் கொழும்பில் நேரே பார்த்தவள் நான். அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகிய நான், "மட்டையை எடுத்துக்கொண்டு ஓடடா" என்று அவன் சுற்றி முடிக்கும்வரை கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வெட்கத்தில் அவனிடம் இன்றுவரை அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

அண்ணை போனபிறகு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் சுதன் வந்தான்.

"அண்டைக்கு மூண்டாம் பேஸோடை நிக்கத்தான் இருந்தனான், அம்மா. உங்கட சத்தம் கேட்டுத்தான் மிச்சத்தையும் ஓடினனான்."