புனித வெள்ளியும் வெள்ளிதான்

மொம்பாசா,
வெள்ளி, நண்பகல்

அன்புள்ள அவினோவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா என்பதை முதலில் எழுது.

மின்சார மோட்டார் சைக்கிள்களுக்கு மின்னேற்ற நேரம் வகுப்பது என் பணி என்பதை அறிவாய். ஏழு நாளுக்கும் ஒரே அட்டவணை வகுத்திருந்தேன். சென்ற வெள்ளியன்று நாற்பது ஓட்டுநர்களும் ஒரே நேரத்தில் வண்டிகளைச் செருகிவிட்டு, பக்கத்துப் பள்ளிவாசலுக்குத் தொழப் போனார்கள். தெருவுக்கே மின்சாரம் நின்றது. இமாமின் ஒலிபெருக்கியும் நின்றது.

"என்ன பெரியவரே, உங்க அட்டவணையில வெள்ளிக்கிழமையே கிடையாதா? எங்க இமாமையே வாயடைச்சிட்டீங்களே!" என்று பகாரி என்னும் ஓட்டுநர் சிரித்தார்.

மறுபடி மின்சாரம் நின்றால் எங்கள் மின்னேற்ற நிலையத்தின் இணைப்பை மின்வாரியத்தார் துண்டித்துவிடுவார்கள். ஆகவே பத்துப் பத்து வண்டிகளாக மாற்றிச் செருக ஓர் ஆள் வேண்டும். இங்கே தொழப் போகாதவன் நான் ஒருவனே. தானியங்கிக் கருவி வரும்வரை வெள்ளிதோறும் நிற்க ஒப்புக்கொண்டேன். புனித வெள்ளியும் வெள்ளிதான். அன்று கிசுமுவில் உன்னோடு இருப்பேன் என்று தந்த வாக்கைக் காக்க இயலாது. மன்னித்துவிடு.

ஓமெனாக் கருவாடு ஒரு பொட்டலம் அனுப்பு. மாலை ஏழு மணிக்கு நம் வீட்டில் எந்தெந்த அறையில் விளக்கு எரிகிறது என்றும் எழுது. அலுவலகக் கணக்குக்கு அது தேவையில்லை; எனக்குத்தான் தேவை.

அடுத்த பத்து வண்டிகளை மாற்ற நேரமாகிவிட்டது.

உன்,
ஒகெல்லோ